இரு கெனில்வொர்த்துக் கோட்டைகள்

அரண் என்பது நாட்டின் உறுப்புக்களுள் ஒன்று எனப் பண்டைத் தமிழ்ச் சான்றோர் கருதினர். திருவள்ளுவர் அதற்கெனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். தெளிந்த நீர், வெட்டவெளி நிலம், மலை, அடர்ந்த காடு ஆகிய நான்கும் இயற்கை தரும் காவல் என்பது அவர் கருத்து. செயற்கையாக எழுப்பும் மதிலுக்கோ உயரமும், அகலமும், உறுதியும், பகைவர் எளிதில் நெருங்க இயலாத அருமையும் வேண்டும் என்று அவர் கூறுகின்றார். மதிலை வளைத்துப் போரிடுதலை உழிஞை என்றும், மதிலைக் காத்து நிற்றலை நொச்சி என்றும் பெயரிட்டுப் பாடிய மரபு நம்முடையது. மதுரை மதில்மேல் அமைந்திருந்த பொறிகள் பலவற்றைச் சிலப்பதிகாரம் அடுக்கிக் கூறுகின்றது. ஆகவே, கோட்டை என்னும் சொல் தமிழ் மாணவர்க்குப் புதியதன்று.

ஆயினும், போருக்கென எழாத கோட்டையும் உண்டு. பகைவர் எவரும் வாராத காலத்தில், காவலுக்காக அன்றி, கண்ணுக்கும் கருத்துக்கும் இனிமை தருதற்பொருட்டு எழுந்த கோட்டை மாளிகை ஒன்று தமிழகத்தின் வடமேற்கு எல்லையில் உள்ள ஓசூரில் முன்னர் இருந்தது. அதன் பெயர் கெனில்வொர்த்துக் கோட்டை என்பது. அதே பெயருடைய மூலக்கோட்டை இங்கிலாந்து நாட்டில் வார்விக்சயர் என்னும் பகுதியில் உள்ளது. இவ்விரண்டின் வரலாற்றையும் அமைப்பையும் ஒருங்கே வைத்து நோக்கினால், ஒரு கட்டடம் எதனால் நிலைக்கின்றது, எதனால் அழிகின்றது என்னும் உண்மை விளங்கும்.

எல்லைநிலத்து அரண்கள்

ஓசூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டுநிலத்து ஊர். புதிய ஊர் என்று பொருள்படும் கன்னடச் சொல்லிலிருந்து அதன் பெயர் பிறந்தது என்பர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் எல்லைநிலம் அது. குன்றின்மேல் சந்திரசூடேசுவரர் திருக்கோயில் விளங்குகின்றது. வெயிலின் கடுமை குறைந்த தட்பமான காற்று அவ்வூரின் சிறப்பு.

ஓசூருக்குக் கிழக்கும் தெற்குமாகப் பரந்து கிடக்கும் நிலம் முற்காலத்தில் பாரமகால் என வழங்கிற்று. பன்னிரண்டு கோட்டைகளைச் சுட்டி எழுந்த பெயர் அது என்பர். அங்கே மலைதோறும் அரண் உண்டு. அவற்றுள் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் இராயக்கோட்டையும் தலைசிறந்தவை. மைசூர்ப் பீடபூமியிலிருந்து தமிழ்ச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்களை இவை காத்து நின்றன. ஐதர் அலியும் திப்பு சுல்தானும் ஆங்கிலேயருடன் பொருத போர்களில் இக்கோட்டைகளின் பெயர் அடிக்கடி கேட்கப்படும். 1791-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இராயக்கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. அதே ஆண்டு நவம்பர்த் திங்களில் மாக்சுவெல் என்னும் படைத்தலைவர் கிருஷ்ணகிரியைத் தாக்கினார். அடிவாரத்துக் கோட்டை அவர் கைப்பட்டது; மலைமேற் கோட்டை கைப்படவில்லை. செங்குத்தான பாறையும் மேலிருந்து உருண்டு வந்த கற்களும் அவர் படையைத் திருப்பி அனுப்பின.

1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் ஆங்கிலக் கும்பெனியார்க்கு உரியதாயிற்று. 1799-ஆம் ஆண்டில் திப்பு வீழ்ந்த பின்னர் ஓசூரும் அவர்கள் ஆட்சிக்குள் வந்தது. அதன்பின் அந்நிலத்தில் மதிலை முற்றும் போர் நிகழவில்லை. படைத்தலைவர் இருந்த இடத்தில் இறை தண்டும் ஆட்சியர் அமர்ந்தனர். கோட்டைகளுக்கு வேலை இல்லாமற் போயிற்று. அத்தகைய அமைதிக் காலத்திலேதான் ஓசூரில் புதியதொரு கோட்டை எழுந்தது என்பது வியத்தற்குரியது.

பிரெட் எடுப்பித்த மாளிகை

ஓசூர் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், விக்டோரியா அரசியாரின் காலத்தில், அம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்தவர் பிரெட் என்னும் ஆங்கிலேயர். அவரே ஓசூரில் அம்மாளிகையை எடுப்பித்தார். இங்கிலாந்திலுள்ள கெனில்வொர்த்துக் கோட்டையைப் போன்ற தோற்றம் தம் மாளிகைக்கு அமைய வேண்டும் என்பது அவர் விருப்பம். பெயரையும் அதனிடமிருந்தே பெற்றுக்கொண்டார். பிரெட்டின் கோட்டை என்றும் அதனை வழங்குவர்.

தாய்நாட்டைப் பிரிந்து ஆயிரக்கணக்கான கல் தொலைவு வந்து வாழ்ந்த ஒருவர், தட்பமான காற்று வீசும் ஊர் ஒன்றைக் கண்டபொழுது, தம் நாட்டின் கோட்டை ஒன்றை அங்கே நினைத்துக்கொண்டார். அந்நினைவு கல்லும் சுண்ணமுமாக வடிவெடுத்தது. கட்டுவித்தவர் அயலார், கட்டிய கைகளோ இந்நாட்டுக் கொத்தர், கல்தச்சர், கொல்லர், தச்சர், சிற்றாள்கள் ஆகியோருடையவை. தாம் ஒருநாளும் கண்டிராத அயல்நாட்டுக் கட்டடத்தின் வடிவத்தைத் தம் உளியாலும் கரண்டியாலும் இம்மண்ணிலே தோற்றுவித்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பெயர்களை வரலாறு நமக்குத் தரவில்லை.

இங்கிலாந்துக் கெனில்வொர்த்து

பிரெட் மனத்தில் வைத்த மூலக்கோட்டை எத்தகையது என்பதை இனிக் காண்போம்.

1120-களில் முதலாம் ஹென்றி மன்னரின் அவையில் பொருட்காவலராக இருந்த ஜெப்ரி டி கிளிண்டன் என்பவர் அக்கோட்டைக்கு அடியிட்டார். செந்நிறமான மணற்கல்லால் ஆனது அது. அதன் நடுவே பெரியதோர் உள்ளரண் உண்டு. புறமதில் பகைவர் கைப்பட்டாலும், தலைவனும் அவன் வீரரும் புகுந்து இறுதிவரை போராடுதற்குரிய இடம் உள்ளரணாகும். கெனில்வொர்த்து உள்ளரணின் சுவர் சில இடங்களில் ஏறத்தாழ 17 அடித் தடிப்பு உடையது. அதன் மூலைக் கோபுரங்கள் 100 அடி உயரம் வரை எழுந்து நின்றன.

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் மன்னர் அக்கோட்டையைப் பெருஞ்செலவில் விரிவாக்கினார். மக்களுரிமைப் பட்டயமாகிய மாக்னா கார்ட்டாவுக்கு 1215-ஆம் ஆண்டில் இசைந்த மன்னர் இவரே. அவர் புறமதில் எழுப்பியதோடு அமையாது, அருகே ஓடிய ஓடைகளின் குறுக்கே கரை அமைத்து நீரைத் தேக்கினார். நம் நாட்டில் பயிருக்காக ஏரிக்கரை எழுப்புவர். அவரோ காவலுக்காக ஏரிக்கரை எழுப்பினார். ஏறத்தாழ 100 ஏக்கர் பரப்பில் பரந்து கிடந்த அந்நீர்ப்பரப்பு கோட்டையின் ஒருபுறத்தை எவரும் அணுகாவண்ணம் காத்தது. வள்ளுவர் கூறிய நீரரண் என்பதற்கு இஃது ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

அவ்வரணின் வலிமை 1266-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அரசனை எதிர்த்துக் கிளர்ந்த சைமன் டி மான்ட்போர்ட்டு என்னும் பெருமகன் அதற்கு முந்திய ஆண்டில் போர்க்களத்தில் மாண்டான். அவனைச் சார்ந்த வீரர் கெனில்வொர்த்துக் கோட்டைக்குள் புகுந்து கதவடைத்துக்கொண்டனர். அரசப்படை சூன் திங்களில் கோட்டையை வளைத்தது. கல்லெறி பொறிகளால் மதிலைத் தாக்கிற்று. ஏரியின் வழியே படகில் சென்று தாக்கவும் முயன்றது. ஒன்றும் பலிக்கவில்லை. ஆறு திங்கள் கழிந்தன. மதில் தோற்கவில்லை, உள்ளிருந்தோரின் வயிறு தோற்றது. உணவு அற்றது, நோய் பரவிற்று. திசம்பர்த் திங்களில் அவர்கள் பணிந்தனர். உணவும் ஒற்றுமையும் இல்லாதவிடத்து மதில் மட்டும் துணையாகாது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

காலம் மாறிற்று. 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜான் ஆப் காண்ட் என்னும் இளவரசர் அங்கே ஏறத்தாழ 90 அடி நீளமுள்ள பெருமண்டபம் ஒன்றை அமைத்தார். காவற்கோட்டை அரண்மனையாகத் தொடங்கியது. 1563-ஆம் ஆண்டில் எலிசபெத்து அரசியார் அக்கோட்டையை ராபர்ட்டு டட்லி என்பவர்க்கு வழங்கினார். அவர் பெரிய சாளரங்களும் எழில்மிகு வாயிலும் பூந்தோட்டமும் அமைத்து அதனைப் புதுக்கினார். 1575-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அரசியார் அங்கே 19 நாள் விருந்தினராகத் தங்கினார். அவ்விருந்தின் ஆடலும் பாடலும் வாணவேடிக்கையும் நாடெங்கும் பேசப்பட்டன.

அதற்குப் பின் வந்தது வீழ்ச்சி. அரசர்க்கும் நாடாளுமன்றத்தார்க்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. வெற்றி பெற்ற நாடாளுமன்றத்தார், கெனில்வொர்த்து மீண்டும் பகைவர்க்குப் புகலிடமாகாதபடி 1650-ஆம் ஆண்டையொட்டி அதனைச் சிதைத்தனர். உள்ளரணின் வடசுவர் தகர்க்கப்பட்டது; ஏரி வடிக்கப்பட்டது. செங்கற்போலச் சிவந்த பாழ்ச்சுவர்களில் கொடிகள் படர்ந்தன.

பாழ்பட்ட அக்கோட்டைக்கு மீண்டும் புகழ் தந்தவர் ஒரு நூலாசிரியர். வால்ட்டர் ஸ்காட்டு 1821-ஆம் ஆண்டில் கெனில்வொர்த்து என்னும் பெயருடன் நாவல் ஒன்றை வெளியிட்டார். எலிசபெத்து அரசியாரின் வருகையை அடிப்படையாகக் கொண்டு எழுந்தது அந்நூல். அதனைப் படித்தோர் பலர் அப்பாழ்ச்சுவர்களைக் காணத் திரண்டு சென்றனர். பிரெட் ஓசூரில் தம் மாளிகையை எழுப்பியபொழுது, மூலக்கோட்டை இடிபாடாகி இருநூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன என்பதை நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும். அவர் கட்டியது வாழும் கோட்டையின் படியன்று. ஒரு நினைவின் படியே ஆகும்.

உறுப்பும் ஒப்பனையும்

போருக்குரிய கோட்டையையும் விக்டோரியா காலத்துக் கோட்டை மாளிகையையும் பிரித்தறிவது எப்படி? இரண்டிலும் காணப்படும் உறுப்புக்கள் பெரும்பாலும் ஒன்றே. பயன் மட்டும் வேறு.

மதிலின் உச்சியில் பல்வரிசைபோல மேடும் பள்ளமுமாக அமைந்த உறுப்பை நம் முன்னோர் ஞாயில் என்றனர். மேட்டின் பின்னே வீரன் மறைந்து நிற்பான். பள்ளத்தின் வழியே அம்பு எய்வான். மாளிகையிலோ இது கூரையின் விளிம்புக்கு அணியாக மட்டும் நிற்கும். மூலைக் கோபுரம் முன்னாளில் இருபுறத்து மதிலையும் ஒருங்கே நோக்கிக் காக்கும் இடம். மாளிகையில் அது மாடிப்படியையோ சிறு அறையையோ தாங்கும். கோட்டைச் சுவரில் வெளிப்புறம் ஒடுங்கியும் உட்புறம் விரிந்தும் அமைந்த துளைகள் அம்பு எய்வதற்கு உரியவை. மாளிகையில் அவ்விடத்தில் காற்றும் ஒளியும் புகுதற்குரிய அகன்ற சாளரங்கள் அமையும். அகழி பகைவரைத் தடுப்பது. மாளிகையில் அது காட்சிக்கு அழகு தருவது.

இவ்வொப்பனை அக்காலத்தில் ஏன் பெருகிற்று? பீரங்கி பெருகிய பின்னர் உயர்ந்த மதில்கள் பயனற்றுப்போயின. எந்திரங்களும் ஆலைகளும் புகைவண்டிகளும் பெருகிய 19-ஆம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் பலர் பழமையை விரும்பி நோக்கினர். பழைய கோயில்களின் கூர்வளைவுகளையும் பழைய கோட்டைகளின் ஞாயில்களையும் புதிய கட்டடங்களில் மீண்டும் அமைத்தனர். இலண்டன் மாநகரிலுள்ள நாடாளுமன்ற மாளிகையும் அவ்விருப்பத்தால் அவ்வடிவம் பெற்றதே. ஆட்சியோடு அவ்விருப்பமும் கடல் கடந்து இந்நாட்டுக்கு வந்தது.

ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரில் இவ்வகை மாளிகை ஒன்றை இன்றும் காணலாம். காரெட்டு என்னும் கல்லூரி முதல்வர் 1860-களில் கட்டத் தொடங்கிய அம்மாளிகை, 1873-ஆம் ஆண்டில் மைசூர் இளவரசர் சாமராசேந்திர உடையாருக்காக விலைக்குப் பெறப்பட்டது. கோபுரங்களும் ஞாயில்களும் கொண்டு, கருங்கற் சுவரில் படர்ந்த கொடிகளோடு, இன்றும் அது பெங்களூர் அரண்மனை என்னும் பெயரால் விளங்குகின்றது. ஓசூர் மாளிகையும் அக்காலத்து எழுந்த அவ்வினத்துக் கட்டடமே. உடன்பிறந்தார் இருவருள் ஒருவரைக் கண்டு மற்றவரின் சாயலை உய்த்துணர்வதுபோல, பெங்களூர் அரண்மனையைக் கண்டு ஓசூர் மாளிகையின் இயல்பை ஒருவாறு உணரலாம்.

நின்றதும் மறைந்ததும்

ஏன் உய்த்துணர வேண்டும்? ஓசூர்க் கெனில்வொர்த்து இன்று முழுவடிவில் இல்லை. பேணுவாரின்றி அது சிதைந்து அழிந்துவிட்டது.

அதனை வீழ்த்தியது எந்தப் பகைவனின் பீரங்கியும் அன்று. பேணப்படாத கட்டடத்திற்குப் பகை அமைதியாகவே வரும். முதலில் கூரையில் சிறு வெடிப்புத் தோன்றும். அதன்வழியே மழைநீர் இறங்கும். சுண்ணச்சாந்து கரையும், உத்திரம் இற்றுப்போகும். பறவை இட்ட எச்சத்திலிருந்து ஆலும் அரசும் முளைத்துச் சுவருக்குள் வேரோட்டும். ஒரு கல் விழுந்த பின்னர், விழாத கல்லையும் பெயர்த்துக்கொண்டு செல்ல ஆள் வருவர். சன்னலும் கதவும் முதலிற் போகும். பின்னர்ச் செங்கல் போகும். இறுதியில் பெயரும் போகும்.

இங்கே ஒரு புதுமையைக் காண்க. 1120-களில் தோன்றி, முற்றுகைக்கு உள்ளாகி, வேண்டுமென்றே தகர்க்கப்பட்டு, பாழாகிக் கிடந்த மூலக்கோட்டை இன்றும் நிற்கின்றது. அதற்கு ஏழு நூற்றாண்டுகள் பின்னர்ப் பிறந்து, போரையே கண்டறியாத ஓசூர்க் கோட்டை மறைந்துவிட்டது. மூத்தது நிற்க இளையது மாய்ந்ததற்குக் காரணம் யாது?

இங்கிலாந்துக் கோட்டையை 1937-ஆம் ஆண்டில் ஜான் சிட்லி என்பவர் விலைக்கு வாங்கினார். மோட்டார் வண்டி செய்யும் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர் அவர். வாங்கிய கோட்டையை இடித்துத் தொழிற்சாலை எழுப்பவில்லை. மறு ஆண்டே அதனை அரசின் பாதுகாப்பில் ஒப்படைத்தார். 1958-ஆம் ஆண்டில் அவர் மகனார் அதனைக் கெனில்வொர்த்து நகரத்து மக்களுக்கே உரிமையாக்கினார். 1984-ஆம் ஆண்டு முதல் நாட்டுப் பழஞ்சின்னங்களைக் காக்கும் அமைப்பொன்று அதனைப் பேணி வருகின்றது. சாய்ந்த சுவரை எவரும் புதிதாகக் கட்டிவிடவில்லை. சாயாத சுவர் சாயாமல் காக்கின்றனர். அதுவே அவர்கள் செய்யும் பணி.

ஓசூரும் இன்று தொழில் நகரமே. 1970-களில் அரசு அங்கே தொழிற்பேட்டை அமைத்தது. மோட்டார் வண்டிகளும் பிற பொறிகளும் அங்கே உருவாகி நாடெங்கும் செல்கின்றன. 2004-ஆம் ஆண்டில் தோன்றிய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது தலையாய ஊர். 2019-ஆம் ஆண்டில் மாநகராட்சியாகவும் உயர்ந்தது. நிலத்தின் விலை நாளுக்குநாள் ஏறும் ஊரில், பழஞ்சுவர் நின்ற நிலம் பலர்க்கு வெற்றிடமாகவே தோன்றும். தொழிலும் தொன்மையும் ஒன்றற்கொன்று பகை என்று சிலர் எண்ணுவர். சிட்லியின் செயல் அவ்வெண்ணம் தவறு என்பதைக் காட்டுகின்றது. தொழிலால் ஈட்டிய பொருளே தொன்மையைக் காத்த வரலாறு அது.

அயலார் ஆட்சியில், அயலார் இன்பத்திற்காக எழுந்த மாளிகையை நாம் ஏன் எண்ணி வருந்த வேண்டும் என்று ஒருவர் வினவலாம். அவ்வினா நேர்மையானதே. மக்களிடம் இறை தண்டியவர் மாளிகையில் வாழ்ந்தார் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே. ஆனால், அழிந்துவிட்ட கட்டடம் புகழையும் சொல்லாது, பழியையும் சொல்லாது. நின்றிருந்தால், அடிமைப்பட்டிருந்த காலத்தின் நிலையை அது வருவோர்க்கெல்லாம் எடுத்துரைத்திருக்கும். பெயர் அறியப்படாத நம் கொத்தர் கைத்திறனையும் காட்டியிருக்கும். சான்று அழிந்தவிடத்துக் கட்டுக்கதை குடியேறும்.

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் இராயக்கோட்டையும் இன்றும் நம் கண்முன் நிற்கின்றன. அவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. ஆயினும், அரசின் பலகை மட்டும் ஒரு சுவரைக் காத்துவிடாது. மலையேறிச் செல்வோர் மதிலில் தம் பெயரைக் கீறாதிருத்தல், கல்லைப் பெயர்த்து உருட்டாதிருத்தல், சுனையில் குப்பை எறியாதிருத்தல், தம் ஊர்ச் சின்னம் எந்நூற்றாண்டினது, எவர் கட்டியது என்பதைக் கேட்டறிந்து பிறர்க்குச் சொல்லுதல் ஆகிய இவை மாணவர் இன்றே செய்யத்தக்க காவற்பணிகள். இவற்றிற்குப் படைக்கலம் வேண்டா, பெரும்பொருளும் வேண்டா.

எத்துணைச் சிறப்புடையதாயினும், உள்ளிருப்போர் செயலாற்றலில் சிறந்திலராயின் அரண் இருந்தும் இல்லாததே என்று தம் அதிகாரத்தை வள்ளுவர் முடிக்கின்றார். படையெடுப்புக்காலத்து வீரர்க்கு அவர் கூறிய அவ்வறிவுரை, அமைதிக்காலத்து மக்களுக்கும் பொருந்துவதே. அன்று அரண் மக்களைக் காத்தது. இன்று மக்கள் அரணைக் காத்தல் வேண்டும். இங்கிலாந்தில் இடிபட்ட கெனில்வொர்த்து இன்றும் நிற்பதும், ஓசூரில் இடிபடாத கெனில்வொர்த்து மறைந்ததும் இவ்வுண்மையையே நமக்கு உணர்த்துகின்றன.